முன்பக்கம்தானே ஆபரேஷன், கண்ணின் பின்பக்கம் ஏன் வீங்கியது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். வலது கண்ணில் மூன்று சொட்டு மருந்து, டயமாக்ஸ் மாத்திரை எல்லாம் கொடுத்தும் பிரஷர் 34-லிருந்து இறங்கவில்லை என்று ட்ராபெக்குலெக்டமி ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் பிரஷர் 9. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒன்பதாம் நாள் பார்த்தால் 4. ஓரத்தில் கறுப்பாக ஏதோ மறைக்கிறது, பார்வை மங்கல் என்கிறார். வலி இல்லை. பி ஸ்கேன் (கண்ணின் அல்ட்ராசவுண்ட்) எடுத்து 'கோராய்டல் டிடாச்மென்ட்' என்று எழுதி, அட்ரோபின் சொட்டு சேர்த்து, ஐந்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணின் முன்னால் செய்த ஆபரேஷன் பின்னால் எப்படிப் பாதிக்கும்? விழித்திரை கழன்றுவிட்டதா? நரம்பு பழையபடி ஆகுமா? இடது கண்ணுக்கும் இதே ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள், துணியலாமா? மற்றபடி டயமாக்ஸும் இடது கண் சொட்டு மருந்தும் பழைய சீட்டில் உள்ளபடியே தொடர்கிறோம்.
வாசகி, பெரம்பூர்

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஐந்து நாள் காத்திருக்காமல் இன்றே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டு, "டயமாக்ஸ் இன்னும் சாப்பிடுகிறார், தொடரலாமா?" என்று கேளுங்கள். மாத்திரைக்கு வலது கண், இடது கண் தெரியாது. இரண்டு கண்ணிலும் நீர் சுரப்பதைக் குறைக்கும். இடது கண்ணுக்கு அது தேவைப்படலாம். ஆனால் பிரஷர் 4-க்கு இறங்கிவிட்ட வலது கண்ணுக்கு இப்போது சுரப்பு கூட வேண்டும், குறையக் கூடாது. எதை விட்டு எதை வைத்துக்கொள்வது என்று இரண்டு கண்ணின் கணக்கையும் பார்த்து அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆபரேஷனுக்கு முந்திய சீட்டும் பிந்திய சீட்டும் ஒரே கவரில் கிடந்து இரண்டும் கலந்துபோவது அடிக்கடி நடக்கிற விஷயம். பழைய சீட்டில் வலது கண்ணுக்கு எழுதியிருந்த, பிரஷரைக் குறைக்கும் டைமோலால் போன்ற சொட்டு ஏதாவது பழக்கத்தில் இன்னும் விழுகிறதா என்பதையும் பாட்டில் பாட்டிலாக எடுத்துப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பாட்டில் என்று பல வருடம் போட்ட கைக்கு, ஒரு கண்ணில் மட்டும் நிறுத்துவது லேசில் பழகாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கண்ணை ஒரு பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்து சுருங்காமல் நிற்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் அழுத்தம். கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையில் கால் மில்லி அளவுதான் நீர். சிலியரி பாடி என்ற திசு அதை நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் சுரந்துகொண்டே இருக்கிறது, அதே அளவு வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும், அதுதான் கிளாக்கோமாவின் தொடக்கம். ட்ராபெக்குலெக்டமியில் மேல் இமைக்கு அடியில் வெள்விழியின் பாதிக் கனத்துக்கு ஒரு சின்ன கதவு மாதிரி சீவி, அதன் அடியில் துளை போட்டு, கதவைத் தலைமுடியை விட மெல்லிய நைலான் தையலால் மூடுகிறோம். நீர் கதவின் ஓரமாகக் கசிந்து, மேலே உள்ள சவ்வுக்கு அடியில் ஒரு கொப்புளமாகத் தேங்கி, மெல்ல ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. இதை பிளெப் என்பார்கள். கதவு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில நிமிடங்கள் அந்த இடத்தில் வைத்து எடுப்பது இன்று வழக்கம்.

கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இறுக்கமாக இருந்தால் பிரஷர் இறங்காது. தளர்ந்திருந்தால் உங்கள் அப்பாவுக்கு நடந்தது நடக்கும்.

சென்னைக்கும் இந்த ஆபரேஷனுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909 வாக்கில் கருவிழி ஓரத்தில் வட்டக் கத்தியால் துளை போட்டு நீரை வெளியேற்றும் முறையைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க அது பரவியது. அதில் கதவு கிடையாது, வெறும் துளை. அதனால் அழுத்தம் ஒரேயடியாக விழுந்து முன்னறை தட்டையாகிப்போவது சகஜமாக இருந்தது. துளைக்கு மேல் கதவு வைத்த இன்றைய முறை 1968-ல் கெய்ர்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விவரித்தது. தொல்லை குறைந்ததே தவிர, முழுக்கப் போகவில்லை.

சரி, அழுத்தம் 4-க்கு விழுந்தால் பின்னால் என்ன ஆகிறது? கண்ணின் உட்சுவரில் மூன்று அடுக்கு. வெளியே கெட்டியான வெள்விழி, நடுவில் கோராய்டு, உள்ளே விழித்திரை. கோராய்டு என்பது கால் மில்லிமீட்டர் கனத்தில் கிட்டத்தட்ட முழுக்க ரத்தக்குழாய்களாலேயே ஆன ஒரு விரிப்பு. உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் மிக அதிகமாக ரத்தம் ஓடும் திசுக்களில் ஒன்று அது. அதன் நுண்குழாய்ச் சுவர்களில் இயற்கையாகவே பொடி ஓட்டைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் அளவுக்கு மீறி வெளியே வராமல் தடுப்பதில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 34-ல் நசுங்கிக் கிடந்த திசு திடீரென்று 4-ல் விடுபட்டால் பஞ்சு போல உப்புகிறது. குழாய்களிலிருந்து சீரம் போன்ற மஞ்சள் நிறத் திரவம் கசிந்து, கோராய்டுக்கும் வெள்விழிக்கும் நடுவில் போய்த் தேங்குகிறது. இதைத்தான் சீட்டில் கோராய்டல் டிடாச்மென்ட் என்று எழுதியிருக்கிறார்கள்.

விழித்திரை கழன்றுவிடவில்லை. விழித்திரைப் பிரிவில் விழித்திரை கிழிந்து, கோராய்டை விட்டுத் தனியாக எழும்பி, கண் அசையும்போது துணி மாதிரி அலையும். இங்கே விழித்திரை கோராய்டோடு ஒட்டியபடியே, இரண்டும் சேர்ந்து உள்ளே உப்பியிருக்கின்றன. லென்ஸ் வைத்து உள்ளே பார்த்தால் பழுப்பு நிறத்தில், வழவழப்பான குன்றுகள் போலத் தெரியும், அசையாது. சுழல் நாளங்கள் எனப்படும் ரத்தக்குழாய்கள் கோராய்டை வெள்விழியோடு நான்கைந்து இடத்தில் பொத்தான் வைத்தாற்போலப் பிடித்திருப்பதால், திரவம் மொத்தமாகப் பரவாமல் பொத்தான்களுக்கு இடையே தனித்தனிக் குன்றாக நிற்கிறது. அப்பா ஓரத்தில் பார்க்கும் கறுப்பு அந்தக் குன்றின் நிழல். குன்று மூக்குப் பக்கம் இருந்தால் நிழல் காதுப் பக்கம் தெரியும்.

இதில் ஒரு விஷச் சக்கரம் உண்டு. திரவம் முன்னால் பரவி, நீரைச் சுரக்கும் சிலியரி பாடியையும் அதன் இடத்திலிருந்து தூக்கிவிடுகிறது. தூக்கப்பட்ட திசு சரியாகச் சுரக்காது. சுரப்பு குறைந்தால் அழுத்தம் இன்னும் விழும், அழுத்தம் விழுந்தால் திரவம் இன்னும் சேரும். அட்ரோபின் கொடுத்தது இந்தச் சக்கரத்தை உடைக்கத்தான். அது சிலியரி தசையைத் தளர்த்தி, லென்ஸையும் கண்மணியைச் சுற்றியுள்ள பகுதியையும் பின்னுக்கு இழுத்து முன்னறையை ஆழமாக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாகக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு அழற்சியைக் குறைத்துக் கசிவை அடக்கும். இரண்டும் சேர்ந்து வேலை செய்து, துளையைச் சுற்றித் திசுவும் கொஞ்சம் ஆறி, பிரஷர் 8, 10 என்று ஏறத் தொடங்கினால் திரவம் தானாகவே உறிஞ்சப்பட்டுவிடும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் இது நடக்கிறது. அதனால்தான் உங்கள் டாக்டர் உடனே கத்தியை எடுக்கவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன், அப்பாவின் கண்ணை நான் பார்க்கவில்லை என்றாலும்.

சொட்டு போடுவதில் கவனம் வேண்டும். பிரெட்னிசோலோன் பால் மாதிரி கலங்கலான மருந்து. நிற்க வைத்தால் மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் போட்டால் மேலே உள்ள வெறும் தண்ணீர்தான் கண்ணில் விழும். போடும் முன் நன்றாகப் பத்து, பதினைந்து முறை குலுக்குங்கள். ஒரு சொட்டு போதும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. அட்ரோபின் போட்டவுடன் மூக்கோரம் கண்ணின் உள்முனையை விரலால் மெல்ல இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கி வாய் வறட்சி, படபடப்பு, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு என்று வேறு தொல்லை கொடுக்கும். அழுத்தும்போது கண் உருண்டை மேல் விரல் படவே கூடாது. அட்ரோபினால் கண்மணி விரிந்திருக்கும், வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. பார்வை மங்கலில் ஒரு பங்கு இதனால்தான். தையல் இழுப்பாலும் லென்ஸ் இடம் மாறுவதாலும் பவரும் தற்காலிகமாக மாறியிருக்கும். இரண்டு, மூன்று மாதம் ஆகும் வரை புதுக் கண்ணாடி வாங்கினால் காசுதான் வீண்.

வீட்டில் என்னென்ன செய்யக் கூடாது என்று கேட்டால், பத்தியம் எதுவும் கிடையாது. கத்திரிக்காயும் கருவாடும் கண்ணை ஒன்றும் செய்யாது. முக்கி முனகுவதுதான் ஆபத்து. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது, குனிந்து வாளி எடுப்பது, மலச்சிக்கலோடு முக்குவது, அடக்க முடியாத இருமல் எல்லாமே தலைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் நாளங்களின் அழுத்தத்தை ஒரு நொடி எகிற வைக்கும். அழுத்தம் குறைந்து தொளதொளத்த கண்ணில், உப்பிய கோராய்டின் ஊடே ஓடும் மெல்லிய தமனி அப்போது அறுந்துபோகலாம். இருமல் இருந்தால் அதற்கு மருந்து வாங்குங்கள். மலம் இளக்கி தேவையானால் கேட்டு வாங்குங்கள். இரவில் பிளாஸ்டிக் மூடி வைத்துத் தூங்க வேண்டும். விபூதி நெற்றியோடு நிற்கட்டும், கண்ணில் உதிர வேண்டாம். இதயத்துக்காக எகோஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதைக் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் இதய டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக் கூடாது.

அந்தத் தமனி அறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கோராய்டுக்கு அடியில் தேங்கும் திரவம் சீரமாக இல்லாமல் ரத்தமாக இருந்தால் கதையே வேறு. அது பெரும்பாலும் வலியோடுதான் வரும். திடீரென்று கண்ணும் பாதித் தலையும் பிளக்கிற மாதிரி வலி, வாந்தி, சில நிமிடங்களில் பார்வை இருட்டிப்போவது. வயது கூடியவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், ஆபரேஷனுக்கு முன் கண் பிரஷர் மிக அதிகமாக இருந்தவர்கள், அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள் இதற்கு ஆளாவது அதிகம். உங்கள் அப்பாவுக்கு வயதும் இருக்கிறது, முன் பிரஷரும் 34. வலி இல்லை என்று எழுதியிருப்பது நல்ல செய்தி. இருந்தாலும் இந்த அறிகுறி தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காமல், இரவிலும் அவசரப் பிரிவு இயங்கும் கண் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள். அதோடு வீட்டில் பி.பி. பார்க்கும் கருவி இருந்தால் தினமும் பார்த்து எழுதி வையுங்கள்.

வலியும் சிவப்பும் பீளையும் சேர்ந்து வந்தால் அது வேறு ஆபத்து. கொப்புளத்தின் வழியாகக் கிருமி உள்ளே போய்விட்டது என்று பொருள். அதுவும் அன்றே காட்ட வேண்டியது. இந்த ஆபத்து இந்த மாதத்தோடு முடிவதில்லை. பிளெப் இருக்கும் வரை, பத்து வருடம் கழித்தும் வரலாம். 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்து மருந்துக் கடையில் சொட்டு வாங்கிப் போட்டு இரண்டு நாள் கடத்துவது, பிளெப் உள்ள கண்ணில் செய்யவே கூடாத காரியம்.

அடுத்த முறை போகும்போது டாக்டர் மூன்று விஷயம் பார்ப்பார். ஒன்று, ஃப்ளூரசின் காகிதத்தைக் கொப்புளத்தின் மேல் தொட்டு, நீல வெளிச்சத்தில் தையல் வழியே எங்காவது ஒழுகுகிறதா என்று. மஞ்சள் பச்சைப் பரப்பின் நடுவே கறுப்பாக ஓர் ஓடை வழிந்தால் ஒழுகல் இருக்கிறது. அப்படியானால் பெரிய காண்டாக்ட் லென்ஸ் வைப்பதோ ஒரு தையல் போடுவதோ வேண்டிவரும். இரண்டு, முன்னறை எவ்வளவு ஆழம் என்று. லென்ஸ் கருவிழியின் உட்புறத்தைத் தொடும் அளவுக்குத் தட்டையாகிவிட்டால் காத்திருக்க முடியாது. மூன்று, பி ஸ்கேனில் குன்றுகள் எதிரெதிரே வளர்ந்து நடுவில் ஒன்றையொன்று முட்டுகின்றனவா என்று. முட்டினால் விழித்திரைப் பரப்புகள் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அப்போது வெள்விழியில், பெரும்பாலும் கீழ்ப்பக்கமாக, சின்ன கீறல் போட்டுத் திரவத்தை வடியவிட்டு, முன்னறையைச் சலைன் செலுத்தி நிரப்புவார்கள். முன்னறை ஆழம் குறைந்தும் பிரஷர் மட்டும் ஏறியிருந்தால் அது இந்த நோயே அல்ல. நீர் வழி தவறி, லென்ஸுக்குப் பின்னால் கண்ணை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லுக்குள் போய்ப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று பொருள். அதற்கு வைத்தியம் வேறு. அதனால்தான் பிரஷர் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பின்பக்கத்தில் இன்னொரு இடம், என்னைக் கேட்டால் குன்றுகளை விட அதிகம் கவலைப்பட வேண்டிய இடம், மேக்குலா. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் நடுப்புள்ளி. அழுத்தம் வாரக்கணக்கில் 5, 6-க்குக் கீழே கிடந்தால் வெள்விழியே கொஞ்சம் உள்வாங்கி, கண்ணின் நீளம் குறைகிறது. உள்ளே இருக்கும் கோராய்டுக்கும் விழித்திரைக்கும் இடம் போதாமல் மேக்குலாவில் சுருக்கம் விழுகிறது. தளர்ந்த மெத்தை மேல் விரித்த பெட்ஷீட் சுருங்குகிற மாதிரி. இளவயதினருக்கும் கிட்டப்பார்வைக்காரர்களுக்கும் வெள்விழி மெல்லிசாக, நெகிழ்வாக இருப்பதால் அவர்களுக்கு இது அதிகம். உங்கள் அப்பா வயதில் குன்று வருவதுதான் கூடுதல், ஆனாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு எளிய சோதனை: இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் ஜன்னல் கம்பியை அல்லது தரை டைல்ஸின் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக இருந்தால் பரவாயில்லை. நேர்க்கோடு நெளிந்தோ உடைந்தோ தெரிந்தால் அடுத்த தேதி வரை இருக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் சுருக்கம் தெளிவாகத் தெரியும். இப்படிப்பட்ட சுருக்கத்தை மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே விட்டால், பிறகு பிரஷரை ஏற்றினாலும் நெளிவு முழுக்கப் போகாமல் நிற்கலாம். அதனால் மருந்துக்கு அடங்காவிட்டால் கதவை மறுபடி இறுக்கித் தைப்பது, கொப்புளத்தின் மேல் அமுக்கித் தைப்பது போன்றவற்றைத் தள்ளிப் போடக் கூடாது. "பிரஷர் இவ்வளவு குறைவாக இருப்பது நல்லதுதானே" என்று சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்துவிடுபவர்கள் உண்டு.

நரம்பைப் பற்றிக் கேட்டீர்கள். பார்வை நரம்பின் 10 முதல் 12 லட்சம் இழைகள், கண்ணின் பின்சுவரில் சல்லடை போன்ற ஒரு தட்டின் ஓட்டைகள் வழியே வெளியேறுகின்றன. கிளாக்கோமாவில் அழுத்தம் அந்தச் சல்லடையைப் பின்னுக்குத் தள்ளி வளைத்து, ஓட்டைகளில் இழைகளை நெரிக்கிறது. அழுத்தம் குறைந்ததும் சல்லடை கொஞ்சம் முன்னுக்கு நிமிர்கிறது. அடுத்து எடுக்கும் போட்டோவில் நரம்பின் நடுக்குழி முன்பைவிடச் சின்னதாகத் தெரியலாம், ஓ.சி.டி.யில் நரம்பு இழைப் படலத்தின் தடிமன் சில மைக்ரான் கூடியும் காட்டலாம். அதைப் பார்த்து நரம்பு துளிர்த்துவிட்டது என்று எண்ண வேண்டாம். செத்த இழை திரும்ப வராது. நெரிபட்டு மயங்கிக் கிடந்த சில இழைகள் தெளியலாம், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் தடிமன் வீக்கமாகவும் இருக்கலாம். ஆகவே கண் அடங்கிய பிறகு, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு ஓ.சி.டி.யும், பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்டும் புதிதாக எடுத்து, இனி வரும் வருடங்களில் அவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இடது கண்ணுக்கு வருவோம். வலது கண்ணில் இப்படி ஆனதற்காக இடது கண்ணை ஆபரேஷன் இல்லாமல் விடுவது தப்பு. அங்கே நரம்பு கரைவது யாருக்கும் தெரியாமல் நடக்கும். ஆனால் வலது கண்ணில் நடந்ததைச் சர்ஜன் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வலது கண் அடங்கும் வரை இடதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து, பிரஷர் அவசரப்படுத்தினால் தவிர. பிரஷர் அதிகமாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன் மேனிட்டால் என்ற மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றிக் குறைத்துக்கொள்வார்களா, கதவை இறுக்கமாகத் தைத்து, பின்னால் லேசரால் ஒவ்வொன்றாக வெட்டியோ இழுத்து அவிழ்த்தோ விடக்கூடிய தையல் போடுவார்களா, மைட்டோமைசினின் அளவைக் குறைப்பார்களா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் எந்தச் சர்ஜனுக்கும் வருத்தம் இருக்காது. இந்த ஆபரேஷனுக்குப் பதில், நீரை வெளியேற்றச் சின்ன ட்யூப் வைப்பதாகச் சொன்னால், மதுரை அரோலேபில் தயாராகும் வால்வு இல்லாத வகையா, வால்வு உள்ள வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். வால்வு இல்லாததில் ட்யூபைக் கரையும் நூலால் கட்டிவைப்பார்கள். அந்த நூல் ஐந்து, ஆறு வாரத்தில் கரைந்து அவிழும்போது பிரஷர் ஒரே நாளில் சடாரென்று விழக்கூடும். "ஒரு மாதம் தாண்டிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று ஊருக்குக் கிளம்புவது சரியாக அந்த வாரத்தில்தான் நடக்கும். டிக்கெட் போடும் முன் தேதியை எண்ணிக்கொள்ளுங்கள்.

இடது கண்ணின் சொட்டு மருந்தைப் பொறுத்தவரை, தொடருங்கள். அதில் டைமோலால் இருந்தால் ரத்தத்தில் கலந்து வலது கண்ணிலும் பிரஷரைத் துளி குறைக்கும். டயமாக்ஸைப் பற்றிப் போனில் கேட்கும்போது அதையும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பாட்டில் பெயர்களைப் பார்த்துப் படிக்க வசதியாக எல்லாவற்றையும் முன்னால் வரிசையாக வைத்துக்கொண்டு போனை எடுங்கள்.